டெண்டரில் தோற்றவருக்கும் பதில் சொல்ல வேண்டும்: அரசுக் கொள்முதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெண்டர் போடும் பக்கம் சில ஆண்டுகள், வந்த டெண்டர்களை மதிப்பிடும் குழுவில் சில ஆண்டுகள் என இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். சிறு ஒப்பந்தக்காரர்கள், செய்தியாளர்கள், மாணவர்கள், புதிதாகக் கொள்முதல் பிரிவுக்கு வந்த இளம் அலுவலர்கள் எனப் பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். சட்டத்தின் பெயரும் தொகை வரம்பும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எங்கும் பொருந்தும் விஷயங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அரசுக் கொள்முதல் என்பதில் எதெல்லாம் அடங்கும்?

பள்ளிக்கு வாங்கும் மேசை முதல் பாலம், மருந்து, மென்பொருள், துப்புரவுப் பணி, ஆலோசகர் கட்டணம் வரை, பொதுப்பணத்தைக் கொடுத்து வெளியாரிடம் வாங்குகிற எல்லாமே அடங்கும். பொருள், கட்டுமானப் பணி, சேவை என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். ஓஇசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் உறுப்பு நாடுகளில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 12, 13 விழுக்காடு இந்த வழியில் செலவாகிறது.

தொகை பெரிது என்பதற்காக மட்டும் நான் இதில் அக்கறை காட்டவில்லை. அரசு ஊழியரின் சம்பளம், முதியோரின் ஓய்வூதியம், வாங்கிய கடனுக்கான வட்டி எல்லாம் யாருக்கு எவ்வளவு என்று முன்பே எழுதிவைக்கப்பட்டவை. கொள்முதலில்தான் யாருக்குக் கொடுப்பது, என்ன விலைக்குக் கொடுப்பது என்பதைச் சில பேர் ஒரு அறையில் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். அந்த அறையில் நடந்ததை வெளியில் இருப்பவர் தெரிந்துகொள்ள வழி இருக்க வேண்டும்.

போட்டி, பொறுப்புக்கூறல் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பொறுப்புக்கூறல் என்பது எடுத்த முடிவுக்குக் காரணம் எழுதிவைத்து, கேட்டால் பதில் சொல்வது. 2003-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை தன் 9-ஆம் பிரிவில், அரசுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மை, போட்டி, புறவயமான அளவுகோல் ஆகியவற்றின் மேல் நிற்க வேண்டும் என்கிறது. முடிவை எதிர்த்து முறையிட வழி இருக்க வேண்டும் என்பதையும் அதே பிரிவு சேர்த்துச் சொல்கிறது.

ஐந்து பேர் போட்டியிட்டார்கள், ஆனால் ஒருவரைத் தேர்ந்தெடுத்த காரணத்தை யாரும் எழுதவில்லை என்றால், அந்தப் போட்டி நியாயமாக நடந்ததா என்று சொல்ல முடியாது. மாறாக, கோப்பு கச்சிதமாக இருக்கிறது, ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து இருக்கிறது, ஆனால் வந்தது ஒரே ஒரு டெண்டர் என்றால் அந்த விலை சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் ஒன்று மற்றதைச் சோதிக்கும்.

குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுத்துவிட்டால் வம்பே இல்லையே?

அதிகாரிகள் இதைப் பெரிதும் விரும்புவார்கள். எண்ணைப் பார்த்துக் கொடுத்தால் கேள்வி வராது என்ற நிம்மதி அதில் உண்டு. எழுதுகோல், சிமெண்ட் மூட்டை, படுக்கை விரிப்பு போல எல்லோருடைய சரக்கும் ஒரே தரம் என்றால் இந்த முறை போதும். ஒரு பம்பு வாங்கும்போது விலை மட்டும் பார்த்தால், பத்து ஆண்டுகளுக்கு அது குடிக்கப் போகும் மின்சாரத்தை நாம் கணக்கில் சேர்க்கவில்லை என்று பொருள். வாங்கும் விலை, இயக்கும் செலவு, பராமரிப்பு, கடைசியில் கழித்துக்கட்டும் செலவு எல்லாம் சேர்ந்த வாழ்நாள் செலவைத்தான் ஒப்பிட வேண்டும்.

நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த விலை வந்தாலும் கவனம் தேவை. வேலைக்கு இவ்வளவு ஆகும் என்று அலுவலகம் போட்ட மதிப்பீட்டுத் தொகையில் பாதிக்கும் கீழே ஒருவர் விலை போட்டால், ஒன்று அவர் வேலையைப் புரிந்துகொள்ளவில்லை, அல்லது பாதியில் விட்டுப் போவார், அல்லது வேலை கிடைத்த பிறகு தொகையைக் கூட்டிக்கொள்ளலாம் என்று யாரோ அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட டெண்டரை உடனே தள்ளிவிடவும் கூடாது. எந்தக் கணக்கில் இந்த விலை வந்தது என்று எழுத்தில் விளக்கம் கேட்டு, பதிலைப் பார்த்து முடிவு செய்வதுதான் முறை. உண்மையிலேயே புது உத்தி வைத்திருப்பவரும் அதில் இருக்கலாம்.

உறையைத் திறக்கும் முன்பே யாருக்கு என்று முடிவாகிவிடும் என்கிறார்களே, அது எப்படி?

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. நடக்கும் இடத்தில், வேலை முழுவதும் நிபந்தனைகளை எழுதும் மேசையிலேயே முடிந்துவிடுகிறது. அறிவிப்பு வரும்போது சட்டை ஒருவரின் அளவுக்குத் தைத்தாகிவிட்டது.

ஒரு ஆய்வகக் கருவிக்கான தொழில்நுட்ப விவரக் குறிப்பை ஒருமுறை படித்தேன். துல்லியம் எவ்வளவு வேண்டும், ஒரு நாளில் எத்தனை மாதிரிகளைச் சோதிக்க வேண்டும் என்பதெல்லாம் இரண்டே வரி. கருவியின் உயரம், அகலம், எடை, திரையின் அளவு, முன்பக்கத்தில் எத்தனை பொத்தான் என்பது ஒரு முழுப் பக்கம். நிறுவனப் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் அந்த அளவுகளை ஒரு தயாரிப்பாளரின் விளம்பரத் தாளோடு வைத்துப் பார்த்தால் அச்சு அசலாகப் பொருந்தின. பெயரை எழுதாமலேயே பெயரைச் சொல்லிவிட்டார்கள். கருவி என்ன செய்ய வேண்டும் என்று எழுதினால் போட்டி வரும். அது எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினால் ஒருவர்தான் வருவார்.

வேறு வழிகளும் உண்டு. வேலையின் மதிப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஆண்டு வரவு கேட்பது ஒன்று. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 கொள்முதல் வழிகாட்டுச் சட்டம், ஒப்பந்த மதிப்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆண்டு வரவு கேட்கக் கூடாது, கேட்டால் தனிக் காரணம் எழுத வேண்டும் என்று வரம்பு கட்டியது. பெரிய வேலைக்கு ஏழு நாள் மட்டும் அவகாசம் கொடுப்பது இன்னொன்று. முன்பே தகவல் கிடைத்தவர் மட்டும்தான் அந்த நாட்களுக்குள் படிவத்தை நிரப்ப முடியும். பணியிடத்தை நேரில் பார்த்ததாக அலுவலகத்திலிருந்து சான்று வாங்கி வரச் சொல்வதும் உண்டு. பார்க்க நியாயமாகத்தான் தெரியும். சான்று கொடுக்க வேண்டியவர் இருக்கையிலேயே இல்லாமல் போனால் நீங்கள் தகுதி இழந்தீர்கள். அதற்கும் மேலே, யார் யார் போட்டியிடப் போகிறார்கள் என்ற பட்டியலும் அந்தச் சான்றுகள் மூலம் முன்கூட்டியே கசிந்துவிடும்.

‘ரிங்’, ‘சிண்டிகேட்’ என்பது என்ன? அதில் அதிகாரிக்குப் பங்கு இருக்குமா?

போட்டியாளர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு என்று பங்கு பிரிப்பதுதான் ரிங். வெல்ல வேண்டியவர் தன் விலையைச் சொல்வார். மற்றவர்கள் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒப்புக்கு ஒரு டெண்டர் போடுவார்கள். விட்டுக்கொடுத்தவருக்குப் பணமாகவோ துணை ஒப்பந்தமாகவோ கூலி போகும். அதிகாரிக்கு ஒன்றுமே தெரியாமலும் இது நடக்கும். அவரே மதிப்பீட்டுத் தொகையைக் கசியவிட்டு நடத்துவதும் உண்டு.

அமெரிக்காவில் 1950-களில் மின்சாதனத் தயாரிப்பாளர்கள் செய்தது இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. மின்சுவிட்ச் கருவிகளுக்கான முத்திரையிட்ட டெண்டர்களில் இந்த முறை யார் குறைந்த விலை சொல்வது, மற்றவர்கள் எவ்வளவு கூட்டிச் சொல்வது என்பதற்கு ஒரு அட்டவணை தயாரித்துவைத்திருந்தார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை முறை மாறும். அதற்கு ‘நிலவின் பிறைகள்’ என்று பெயர். அட்டவணை கையில் இருந்தால் தொலைபேசியில் பேசக்கூட வேண்டியதில்லை. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற அரசு மின் நிறுவனம், தனக்கு வந்த முத்திரையிட்ட உறைகளுக்குள் தொகைகள் ஒன்றுபோல் இருப்பதைக் கவனித்து வெளியே சொன்னது. 1961-இல் பிலடெல்பியா நீதிமன்றம் 29 நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. ஏழு உயர் அலுவலர்கள் சிறைக்குப் போனார்கள்.

ஜப்பானில் இதற்கு ‘தாங்கோ’ என்று பெயர். கூடிப் பேசுதல் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். அங்கே அரசு அலுவலர்களே இந்தப் பேச்சை நடத்திவைத்த வழக்குகள் வரிசையாக வெளிவந்ததால், அவர்களின் பங்கைத் தடுப்பதற்கென்றே 2002-இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்தின் திச்சினோ மாநிலத்தில் 1999 முதல் 2005 வரை சாலை போடும் நிறுவனங்கள் கூடிப் பேசி வேலைகளைப் பிரித்துக்கொண்டன. அந்த அணி கலைந்ததும் விலை சுமார் 30 விழுக்காடு இறங்கியது. அத்தனை ஆண்டுகளும் அதே சாலைக்கு, அதே தாருக்கு மக்கள் கூடுதலாகக் கொடுத்துவந்திருக்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்க்கும் ஒருவர் இதைக் கண்டுபிடிக்க முடியுமா?

முழுதாக நிரூபிப்பது புலனாய்வு அமைப்பின் வேலை. சந்தேகப்படும் அளவுக்கு ஆதாரம் பெரும்பாலும் காகிதத்திலேயே கிடக்கும்.

நான் குழுவில் இருந்தபோது மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளிகளை வரிசையாக மேசையில் பரப்பி வைத்தோம். மூன்று வெவ்வேறு முகப்புத்தாள், மூன்று வெவ்வேறு முத்திரை. நான்காவது வரியில் ‘பராமரிப்பு’ என்ற சொல்லில் துணைக்கால் விட்டுப்போய் ‘பரமரிப்பு’ என்று இருந்தது. அதே பிழை மூன்றிலும், அதே வரியில். பிறகு டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகைக்கான வங்கி வரைவோலைகளை எடுத்துப் பார்த்தோம். ஒரே கிளை, ஒரே தேதி, எண்கள் அடுத்தடுத்து வந்தன. அதுவரை விலையை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள் அந்த டெண்டரை நிறுத்தச் சொல்லி எழுதினோம்.

இது போலப் பல தடயங்கள் இருக்கின்றன. தோற்றவர்களின் விலைகள் எல்லாம் வென்றவரின் விலையைவிட ஒரே விகிதத்தில் கூடியிருக்கும். ஒவ்வொரு முறையும் அதே நாலு பேர் வருவார்கள், வெற்றி மட்டும் முறைவைத்து மாறும். தோற்றவர் துணை ஒப்பந்தக்காரராக அதே பணியிடத்தில் நிற்பார். வழக்கமாக வரும் ஒருவர் ஒரு குறிப்பிட்ட டெண்டரில் மட்டும் காரணம் இல்லாமல் விலகிக்கொள்வார். திச்சினோவில் அணி நடந்த காலத்து விலைகள் ஒன்றோடொன்று மிக நெருக்கமாக இருந்தன. கலைந்த பிறகு சிதறின. உண்மையான போட்டியில் ஒவ்வொருவரின் செலவும் வேறு என்பதால் விலைகள் அப்படிச் சிதறத்தான் செய்யும். தென் கொரியாவின் போட்டி ஆணையம் 2006 முதல் இந்த மாதிரி அறிகுறிகளைக் கணினியில் கணக்கிட்டு, சந்தேகத்துக்குரிய டெண்டர்களைத் தனியே பிரித்தெடுக்கிறது.

ஒரு தடயம் மட்டும் வைத்து யாரையும் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது. சிறு ஊரில் எல்லோரும் ஒரே கணினி மையத்தில் தட்டச்சு செய்வார்கள். இரண்டு, மூன்று தடயங்கள் சேரும்போது கேட்கலாம், கேட்க வேண்டும்.

ஒரே ஒரு டெண்டர்தான் வந்தது என்றால் ரத்து செய்துவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. ஏன் ஒன்றுதான் வந்தது என்பதற்குப் பதில் எழுத வேண்டும். நிபந்தனை கடுமையா, அவகாசம் குறைவா, பணம் பட்டுவாடா தாமதமாகும் என்று பயமா? படிவம் வாங்கிப் போய் டெண்டர் போடாதவர்களை அழைத்துக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். இதை அநேகமாக யாரும் செய்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2023-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஒன்றிய நாடுகளில் ஒற்றை டெண்டரோடு முடிந்த கொள்முதல்கள் 2011-இல் 23.5 விழுக்காடாக இருந்து 2021-இல் 41.8 விழுக்காடாக ஏறியிருக்கின்றன. விதிகள் செம்மையாக எழுதப்பட்ட இடத்திலேயே இந்த நிலை.

எல்லாம் இணையவழி டெண்டர் ஆகிவிட்டதே, இன்னும் என்ன பிரச்சினை?

இணையவழி வந்ததால் நிஜமான நன்மைகள் உண்டு. டெண்டர் பெட்டிக்கு முன்னால் ஆட்களை நிறுத்தி மிரட்டுவது, படிவம் தீர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்புவது, கடைசி நிமிடத்தில் உறையை மாற்றுவது எல்லாம் பெருமளவு போய்விட்டன. தென் கொரியா 2002-லேயே நாடு முழுமைக்கும் ஒரே கொள்முதல் தளத்தைக் கொண்டுவந்தது. உக்ரைன் 2016-இல் ‘புரோசோரோ’ தளத்தைக் கட்டாயமாக்கியது. ‘எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கலாம்’ என்பது அதன் முழக்கம். யார் எவ்வளவு விலை சொன்னார், யார் எதற்காகத் தள்ளப்பட்டார் என்பதை டெண்டர் முடிந்த பின் எவரும் பார்க்க முடியும். குடிமக்கள் அதைப் பார்த்துக் குறை சொல்வதற்கென்று ‘டோசோரோ’ என்ற தளம் தனியாக இருக்கிறது.

அறிவிப்பு, சமர்ப்பிப்பு, திறப்பு ஆகியவற்றைத்தான் கணினி சீர்செய்யும். விவரக் குறிப்பை ஒருவருக்காக எழுதினால், அந்த அநீதியையும் கணினி ஒழுங்காக நிறைவேற்றிக் கொடுக்கும். ரிங் போடுகிறவர்கள் தளத்துக்குள் வந்து பேசிக்கொள்ளப் போவதுமில்லை.

தோற்றவருக்கு எதற்குக் காரணம் சொல்ல வேண்டும்? அவர் கோபத்தில் இருப்பவர்தானே?

கோபத்தில் இருப்பதால்தான் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் முழுவதிலும் நான் ஒன்றை மட்டும் வலியுறுத்தலாம் என்றால் இதைத்தான் வலியுறுத்துவேன். தணிக்கையாளர் இரண்டு ஆண்டு கழித்து வருவார், கோப்பில் இருப்பதை மட்டும் பார்ப்பார். செய்தியாளருக்குத் தொழில்நுட்பம் தெரியாது. தோற்றவருக்கு அந்தத் தொழில் தெரியும், சந்தை விலை தெரியும், வென்றவரின் சரக்கு எப்படிப்பட்டது என்பதும் தெரியும், கேள்வி கேட்கச் சொந்தக் காரணமும் இருக்கிறது. சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கத் தயாராக இருக்கும் தணிக்கையாளர் அவர். அவருக்குக் காரணத்தை மறைத்துவிட்டால் அந்தக் கண்ணை நாமே மூடிவிடுகிறோம்.

டெண்டர் போடும் பக்கம் இருந்தபோது எங்களுக்கு ஒருமுறை வந்த கடிதத்தில் ‘தங்கள் ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்படவில்லை’ என்ற ஒரே வரிதான் இருந்தது. மூன்று வாரம் இரவு பகலாக வேலை செய்து தயாரித்த டெண்டர். எதில் குறைந்தோம் என்று தெரிந்திருந்தால் அடுத்த முறை திருத்திக்கொண்டிருப்போம். தெரியாததால் அடுத்த முறை போடவே இல்லை. அந்த அலுவலகத்துக்கு ஒரு போட்டியாளர் குறைந்தார்.

ஆஸ்திரியாவில் 1996-இல் நெடுஞ்சாலைகளில் தரவு அனுப்பும் கருவிகளை அமைப்பதற்கு டெண்டர் நடந்தது. முடிவு எடுத்த அன்றைக்கே ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மற்ற போட்டியாளர்களுக்குச் செய்தித்தாளைப் பார்த்துத்தான் விஷயமே தெரியும். எதிர்க்கலாம் என்று போனால் ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது. ‘அல்காடெல்’ வழக்கு என்று அறியப்படும் இதில் 1999-இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் அந்த முடிவை எதிர்க்க வாய்ப்பு இருந்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதிலிருந்து பிறந்ததுதான் காத்திருப்புக் காலம். முடிவையும் காரணத்தையும் எல்லோருக்கும் தெரிவித்துவிட்டு, மின்னணு வழியில் என்றால் குறைந்தது 10 நாள் பொறுத்து, பிறகுதான் கையெழுத்து. 2007-இல் அது ஒன்றியம் முழுமைக்கும் விதியானது. ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையம் 2011-இல் வெளியிட்ட மாதிரிக் கொள்முதல் சட்டத்திலும் காத்திருப்புக் காலம் இருக்கிறது.

ஆளாளுக்கு வழக்குப் போட்டால் வேலை நின்றுபோகாதா?

இந்தப் பயம் நியாயமானது. தோற்றவர் ஒவ்வொருவரும் நீதிமன்றத்துக்குப் போனால் மருத்துவமனைக் கட்டடம் அஸ்திவாரத்தோடு நிற்கும். அதற்கு வழி, முறையீட்டைக் கேட்கத் தனி அமைப்பை வைப்பதும், அது வாரக்கணக்கில் முடிவு சொல்லுமாறு காலக்கெடு போடுவதும்தான். டெண்டர் நடத்திய அதே அதிகாரியிடமோ அவருக்கு நேர் மேலே இருப்பவரிடமோ முறையிடச் சொன்னால் அது கண்துடைப்பு. வெறும் தொந்தரவுக்காக வருகிறவரைத் தடுக்க ஒரு சிறு முறையீட்டுக் கட்டணம் வைக்கலாம். அது சிறு நிறுவனத்தை விரட்டும் அளவுக்குப் போகக் கூடாது.

என் அனுபவத்தில், காரணத்தைத் தெளிவாக எழுதிக் கொடுத்த இடங்களில் வழக்குகள் குறைவாகவே வந்தன. மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு பலர் பேசாமல் போய்விடுவார்கள்.

வெள்ளம், நோய்த்தொற்று போன்ற அவசரத்தில் டெண்டர் விட்டுக்கொண்டிருக்க முடியுமா?

முடியாது, கூடாது. உயிர் போகும்போது முப்பது நாள் அறிவிப்பு கொடுக்கச் சொல்வது நியாயமில்லை. அவசரத்தில் போட்டியைக் குறைக்கலாம். பதிவையும் வெளியீட்டையும் குறைக்கக் கூடாது. யாரிடம், என்ன விலைக்கு, யார் சொல்லி வாங்கினோம் என்பதைச் சில நாட்களுக்குள் வெளியிடுவதால் எந்த நோயாளிக்கும் மருந்து தாமதமாகாது.

பிரிட்டனில் 2020-இல் கொரோனா பாதுகாப்பு உடைகள் வாங்கியபோது, அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், அதிகாரிகள் போன்றோர் பரிந்துரைத்த நிறுவனங்களுக்குத் தனியாக ஒரு முன்னுரிமைத் தடம் இருந்தது. அந்தத் தடத்தில் வந்த 493 பேரில் 47 பேருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. சாதாரணத் தடத்தில் வந்த 14,892 பேரில் 104 பேருக்கு மட்டுமே கிடைத்தது. தேசியத் தணிக்கை அலுவலகம் அந்த ஆண்டு நவம்பரிலேயே இதை வெளியில் கொண்டுவந்தது. 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றம், அந்தத் தடத்தை நடத்திய விதம் சமமாக நடத்தும் கடமையை மீறியது, சட்டத்துக்கு மாறானது என்றது. வழக்கில் இருந்த நிறுவனங்களுக்குத் தடம் இல்லாமலும் ஒப்பந்தம் கிடைத்திருக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. வேகமாக வாங்கியதை அங்கே யாரும் குற்றமாகச் சொல்லவில்லை. ஆளுக்கொரு வரிசை போட்டதைத்தான் கேட்டார்கள்.

அவசரம் என்ற சொல்லையே ஒரு உத்தியாக வைத்திருக்கும் இடங்களும் உண்டு. நிதியாண்டின் கடைசி மாதம் ஆண்டுதோறும் அதே தேதியில்தான் வருகிறது. அதை எதிர்பாராத அவசரம் என்று எழுதினால் ஏற்கக் கூடாது.

வேலை உத்தரவு கொடுத்தாகிவிட்டால் கதை முடிந்ததா?

பணம் அதிகமாகக் கசிவது அதற்குப் பிறகுதான். ஆனால் டெண்டர் திறக்கும் நாளில் இருந்த கேமராக்கள் அப்போது இருப்பதில்லை. குறைந்த விலைக்கு வேலையை எடுத்துவிட்டு, மண் கெட்டியாக இருக்கிறது, வரைபடம் மாறிவிட்டது, கூடுதல் பணி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தொகையை ஏற்றுவது பழைய வழி. இரண்டாவதாக வந்தவர் இந்தக் கூடுதலையும் சேர்த்துப் பார்த்தால், தான்தான் மலிவு என்று கண்டுபிடிப்பார். அப்போது அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு இடம் அளவுப் புத்தகம். எம்-புக் என்போம். எத்தனை கன மீட்டர் தோண்டினார்கள், எத்தனை டன் கம்பி போட்டார்கள் என்பதைப் பணியிடத்தில் அளந்து எழுதும் புத்தகம் அது. அதில் எழுதியதற்குத்தான் பில் போட்டுப் பணம் கொடுப்பார்கள். கம்பி கான்கிரீட்டுக்குள் போன பிறகு யாரும் அளக்க முடியாது. எனவே மூடுவதற்கு முன் எடுத்த அளவு, தேதியோடு புகைப்படம், அளந்தவர் கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். மூன்று மாத வேலையை ஒரே நாளில், ஒரே மையில், ஒரே கையெழுத்தில் எழுதிய எம்-புக்கை நான் பார்த்திருக்கிறேன். பக்கங்கள் அழுக்கே படாமல் இருந்தன. பணியிடத்துக்குப் போய்வந்த புத்தகம் அப்படி இருக்காது.

சுலோவாக்கியாவில் 2011 முதல் அரசு ஒப்பந்தம் இணையத்தில் வெளியிடப்பட்ட பிறகுதான் நடைமுறைக்கே வரும். மூன்று மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் ஒப்பந்தமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். ஒப்பந்தத்தில் செய்யும் திருத்தங்களையும் இப்படி வெளியிட வைத்தால், மேலே சொன்ன கூடுதல் பணிகள் வெளிச்சத்தில் நடக்கும்.

கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டால் போதாதா?

பயன் உண்டு. உலக வங்கியும் நான்கு பிராந்திய வளர்ச்சி வங்கிகளும் 2010-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஒரு வங்கி ஓராண்டுக்கு மேல் விலக்கிய நிறுவனத்தை மற்ற வங்கிகளும் விலக்கும். அதற்கு முன் ஒரு கதவில் துரத்தப்பட்டவர் அடுத்த கதவில் நுழையலாம். பெயரை மாற்றி, மைத்துனர் பேரில் புது நிறுவனம் தொடங்குவதுதான் இப்போதுள்ள ஓட்டை. நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்ற பதிவு இல்லாமல் கறுப்புப் பட்டியலுக்குப் பல் இருக்காது. விலக்கும் முன் அவர் தரப்பைக் கேட்பதும் கட்டாயம். இல்லையென்றால் அந்தப் பட்டியலே போட்டியாளரை ஒழிக்கும் கருவியாகிவிடும்.

இவ்வளவு கேள்வி கேட்டால் நல்ல அதிகாரி முடிவே எடுக்காமல் கோப்பைத் தள்ளிவிட மாட்டாரா?

தள்ளிவிடுவார்கள், பார்த்திருக்கிறேன். நேர்மையானவர்தான் முதலில் பயப்படுவார், மற்றவருக்கு ஆள் இருக்கிறது. எனவே தவறான முடிவையும் கெட்ட எண்ணத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அன்றைக்குத் தெரிந்த தகவலை வைத்து, காரணத்தை எழுதி, தனக்கு இதில் சொந்த லாபமோ உறவோ (நலன் முரண்) இல்லை என்று உறுதி கொடுத்து எடுத்த முடிவு பின்னால் பொய்த்துப் போனால் அதற்குத் தண்டனை கூடாது. எழுதிவைத்த காரணம் அந்த அதிகாரிக்கும் கவசம். உள்ளே இருந்து தவறைச் சொல்கிறவரையும் காப்பாற்ற வேண்டும். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்க் காலத்தில் படைக்குப் பொருள் கொடுத்தவர்கள் ஏமாற்றியதால் 1863-இல் கொண்டுவந்த பொய்க் கோரிக்கைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி, அரசை ஏமாற்றியவர் மீது அரசு சார்பில் வழக்குத் தொடுத்து வெற்றி பெறும் தனிநபருக்கு, மீட்ட தொகையில் 15 முதல் 30 விழுக்காடு வரை பங்கு உண்டு.

சிறு நிறுவனங்கள் உள்ளே வர என்ன செய்யலாம்?

வேலையைப் பிரித்து விடலாம். முன்வைப்புத் தொகையைக் குறைக்கலாம். எல்லாவற்றையும்விட, பில்லுக்கு நேரத்தில் பணம் கொடுக்கலாம். ஆறு மாதம் காத்திருக்க முதல் இருப்பவர் மட்டும்தான் போட்டியிட முடியும் என்றால் நிபந்தனையில் எவ்வளவு சலுகை எழுதினாலும் வீண். பிரிப்பதிலும் ஒரு எச்சரிக்கை தேவை. டெண்டர் கட்டாயமாகும் தொகை வரம்புக்குக் கீழே கொண்டுவருவதற்காக ஒரே வேலையைத் துண்டு துண்டாக்கி, டெண்டர் விடாமல் சிலரிடம் மட்டும் கொட்டேஷன் வாங்கி வேலையைக் கொடுத்துவிடுவார்கள். பிரித்த துண்டுகள் எல்லாம் திறந்த போட்டிக்கு வருகின்றனவா என்று பாருங்கள்.

‘வணிக ரகசியம்’ என்று சொல்லித் தகவல் தர மறுக்கிறார்களே?

தயாரிப்பு முறை, வடிவமைப்பு, ஊழியர்களின் சொந்த விவரம் ஆகியவற்றைக் காப்பது சரி. பொதுப்பணத்திலிருந்து கொடுத்த மொத்த விலை, வென்றவரின் பெயர், மதிப்பெண், ஒப்பந்தத்தின் காலமும் திருத்தங்களும் ரகசியம் ஆகாது. டெண்டர் ஆவணத்திலேயே எதெல்லாம் வெளியிடப்படும் என்று முன்கூட்டி எழுதிவிட்டால் இந்தத் தகராறு வராது. திறக்கும் வரை விலையை மறைத்துவைப்பது போட்டிக்காக. முடிவான பிறகும் மறைப்பதற்கு அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது.

சாதாரண குடிமகனாக ஒரே ஒரு தாள் கேட்கலாம் என்றால் எதைக் கேட்பது?

ஒப்பீட்டுப் பட்டியலைக் கேளுங்கள். போட்டியிட்ட எல்லோருடைய பெயர், விலை, தகுதியில் தேறியவர், தேறாதவர், தேறாததற்கான காரணம், குழுவினர் கையெழுத்து எல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டம் இருக்கும் நாடு என்றால், டெண்டர் எண்ணைக் குறிப்பிட்டு ‘தொழில்நுட்ப, விலை மதிப்பீட்டு ஒப்பீட்டுப் பட்டியலின் நகல்’ என்றே எழுதுங்கள். ‘ஊழல் நடந்ததா’ என்று கேட்டால் பதில் வராது. கைக்கு வந்ததும் முதலில் தள்ளப்பட்டவர்களின் வரிசையைப் படியுங்கள். ‘ஆவணங்கள் குறைபாடு’ என்று மட்டும் போட்டிருந்தால், எந்த ஆவணம், அது டெண்டர் அறிவிப்பில் எந்தப் பத்தியில் கேட்கப்பட்டது என்று அடுத்த மனுவை அன்றைக்கே அனுப்புங்கள்.